இரவல் உடல்

பகைவனைத் துன்புறுத்தலாமா என்னும் வினாவை அறநூலோர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். நண்பனின் உடலைக் கருவியாகக் கொண்டு துன்புறுத்தும் வித்தையைக் கற்கலாமா என்னும் வினா அத்துணை ஆராயப்படவில்லை. போர்க்கலை பயிலும் கூடங்களில் அவ்வினா நாள்தோறும் எழுகிறது. எழுந்த வேகத்தில் மறக்கப்பட்டும் விடுகிறது. ஜப்பானியரின் ஐக்கிடோ அதனை எளிதில் மறக்க விடாத கலை. அதன் பெரும்பான்மைப் பிரிவுகளில் போட்டி இல்லை. ஆதலால் வென்றவர் தோற்றவர் என்ற பிரிவும் இல்லை. இருவர் மாறி மாறி ஒருவரையொருவர் வீழ்த்திக் கற்பதே அங்குப் பயிற்சி.

இக்கலையை வகுத்தவர் மொரிஹெய் உயெஷிபா. 1883இல் தனாபே என்னும் கடலோர ஊரில் பிறந்து 1969இல் மறைந்தவர். டாய்த்தோ மரபின் ஆசான் சோக்காக்கு தக்கேடாவிடம் அவர் கற்ற கடுமையான பிடிமுறைகளே ஐக்கிடோவுக்கு அடித்தளம். 1931இல் தோக்கியோவில் அவர் திறந்த கோபுக்கான் பயிற்சிக்கூடத்தை, அங்கு நடந்த பயிற்சியின் கடுமை நோக்கி, 'நரகக் கூடம்' என்றே வழங்கினர். அதே 1930களில் மாணவர்க்கென அவர் சில விதிகளை எழுதி வைத்தார். ஒரே அடியில் வாழ்வையும் சாவையும் முடிவு செய்யவல்ல கலை இது. ஆதலின் ஆசிரியர் சொற்படி நடக்க வேண்டும், யார் வலியர் என்று பார்க்கும் போட்டி கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பயிற்சி மகிழ்வோடு நடைபெற வேண்டும் என்றும் அவர் விதித்தார். உடலை மெல்ல இயக்கித் தொடங்கிப் பின்னரே தீவிரப்படுத்த வேண்டும். எதையும் வலிந்து செய்யலாகாது. அங்ஙனம் பயின்றால் முதியவர்களும் காயமுறார் என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். நரகம் என்று பெயர் பெற்ற கூடத்தின் தலைவர் மகிழ்ச்சியை விதியாக்கியதைக் கண்டு சிலர் நகைக்கலாம். கத்தியைப் பற்றி நன்கறிந்தவர் கொல்லர்தாம் என்பதை எண்ணினால் நகைப்பு அடங்கும்.

ஐக்கிடோவில் வீழ்த்தப்படுபவருக்குத் தோற்றவர் என்ற பெயர் இல்லை. 'உக்கே' என்பர்; ஏற்பவர் என்பது பொருள். அடிபடாமல் விழும் வித்தைக்கு 'உக்கெமி' என்று பெயர். ஏற்கும் உடல் என அதனைப் பெயர்க்கலாம். பயிற்சி தொடங்குமுன் இருவரும் தத்தாமிப் பாயில் எதிரெதிரே அமர்ந்து, வேண்டிக்கொள்கிறேன் என்னும் பொருள்பட ஒரு தொடரைச் சொல்லித் தலை வணங்குகின்றனர். முடிந்ததும் நன்றி கூறி மீண்டும் வணங்குகின்றனர். இடையில் ஒருவர் தாக்க, மற்றவர் அத்தாக்குதலைத் திருப்பி அவரை வீழ்த்துகிறார். வலப்புறமும் இடப்புறமுமாகப் பெரும்பாலும் நான்கு முறை. பிறகு வீழ்ந்தவர் வீழ்த்துபவர் ஆகிறார்.

வேண்டிக்கொள்வது எதற்காக? கற்பதற்கு ஓர் உடல் தேவைப்படுகிறது என்பதே விடை. வாள்வீச்சுப் பயில்வோர் வைக்கோல் கட்டை வெட்டிப் பழகலாம். குத்துச்சண்டை பயில்வோர் தொங்கும் மூட்டையைக் குத்திப் பழகலாம். மணிக்கட்டு மடக்குவதைப் பொம்மையிடம் கற்க முடியாது. எலும்பும் நரம்பும் அச்சமும் உள்ள ஒருவர் தம் உடலைச் சற்று நேரம் இரவல் கொடுத்தாக வேண்டும். அண்டை வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கியவர் அதனைத் துலக்கித் திருப்பித் தருவார். நெளிந்த பாத்திரத்தைத் தந்துவிட்டு, கொடுக்கும்போதே நெளியும் என்று உமக்குத் தெரியாதா என்று கேட்பவரை ஊர் மதிப்பதில்லை.

ஆயினும் பயிற்சிக்கூடங்களில் அக்கேள்வியே நாகரிகமான சொற்களில் கேட்கப்படுகிறது. வருபவர் ஆபத்தை அறிந்து, தாமே விரும்பி வருகிறார். ஒப்புதல் தந்தவருக்குத் தீங்கு நேர்ந்தால் அது தவறாகாது என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நேர்மை உண்டு. யாரும் கட்டி இழுத்து வரப்படவில்லை. சிறு வலியும் கன்றிப்போதலும் இல்லாமல் கற்கக்கூடிய கலையும் அன்று இது. ஆனால் வாயிலில் ஒருமுறை தந்த ஒப்புதல் உள்ளே நிகழும் ஒவ்வொரு கணத்துக்கும் போதுமா என்பதே ஆராய வேண்டுவது.

ஷிஹோநாகே என்னும் வீச்சை எடுத்துக்கொள்ளலாம். நான்கு திசை வீச்சு என்பது அதன் பெயர்ப்பொருள். தாக்கியவரின் மணிக்கட்டைப் பற்றி உயர்த்தி, அக்கையின் கீழாகவே நுழைந்து திரும்பி, முழங்கையை மடக்கி, அவரது கை அவருடைய தோளுக்குப் பின்னே செல்லுமாறு கொணர்ந்து, வாளால் வெட்டுவதுபோல் கீழே இறக்க வேண்டும். மடங்கிய கை தோளை ஒட்டியே இறங்கினால் ஏற்பவர் பின்னோக்கி அமர்ந்து உருண்டு விழ இடமுண்டு. கையைத் தோளினின்று விலக்கிப் பக்கவாட்டில் இழுத்தால் தோள்மூட்டும் முழங்கையும் கெடும். அதனினும் கொடியது, கையை இறுதிவரை விடாது பற்றிக்கொண்டு விசையோடு கீழே அறைவது. பின்னோக்கி விழுபவர் கையால் பாயை அறைந்து விசையைத் தணிப்பது வழக்கம். இங்கே அவரது ஒரு கை பிறர் பிடியில் இருக்கிறது. முகவாயை மார்போடு ஒட்டி வைத்திராவிட்டால் பின்தலை பாயில் மோதும். அங்ஙனம் மோதும்போது மண்டையோட்டினுள் மூளை அசைகிறது. மூளையையும் அதனைச் சூழ்ந்த உறையையும் இணைக்கும் மெல்லிய நாளங்கள் அறுந்து குருதி கசியக்கூடும். எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று சிரித்தவர் சில மணி நேரம் கழித்து நினைவிழக்கலாம். கழுத்து வலுப்பெறாத, விழக் கற்றிராத புதியவருக்கே இவ்வாபத்து மிகுதி.

அந்தக் கணத்தில் ஏற்பவருக்கு என்ன உரிமை எஞ்சியுள்ளது? பிடிமுறைகளில் ஓர் உரிமை உண்டு. வலி தாங்கும் எல்லையை நெருங்கியதும் அவர் தம் மற்றொரு கையால் பாயையோ தம் உடலையோ தட்டுவார். தட்டியதும் பிடி தளர வேண்டும். நிக்கியோ என்னும் மணிக்கட்டுப் பிடி இத்தகையது. அதில் வலி சேதத்துக்கு முன்பே வந்து எச்சரிக்கிறது. ஒப்புதல் அங்கே ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்கப்படுகிறது எனலாம். தட்டாதவரை தொடரலாம், தட்டியவுடன் ஒப்புதல் தீர்ந்தது. வீச்சுகளிலோ தட்ட நேரமில்லை. காற்றில் இருப்பவர் எதைத் தட்டுவார்? அவர் தம் உரிமை முழுவதையும் எதிரே நிற்பவரின் கண்ணிடமும் கையிடமும் ஒப்படைத்துவிட்டார். ஒப்புதல் தந்தாரே என்னும் வாதம் இங்கே பயன்படுவதில்லை. ஒப்புதலைத் திரும்பப் பெற வழியில்லாத இடத்தில் பொறுப்பு முழுவதும் வீழ்த்துபவரையே சாரும்.

பிடிமுறையிலும் வலியை மட்டும் அளவுகோலாகக் கொள்வது தவறு. மூட்டுகள் மிகத் தளர்ந்த உடலினர் சிலர், சேதம் தொடங்கும் வரை வலியே உணர்வதில்லை. வேறு சிலர் வலி உணர்ந்தும் மானம் கருதித் தட்டுவதில்லை. அவர்களைக் கண்டு எரிச்சலுற்று, தட்டும்வரை விடேன் என்று பிடியை இறுக்குபவர் இன்னொரு வகையினர். பயிற்சிக்கூடங்களில் மூட்டுகள் கெடுவது இவ்விரு பிடிவாதங்களும் சந்திக்குமிடத்தில்தான். தேர்ந்தவர் தட்டலுக்குக் காத்திருப்பதில்லை. எதிரிலிருப்பவரின் மூச்சு தடைப்படுவதையும் குதிகால் பாயினின்று எழுவதையும் கண்டே எல்லையை அறிந்துவிடுகிறார்.

ஒப்புதல் என்பதன் இன்னொரு குறை மேல் கீழ் உறவினின்று பிறப்பது. ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் மூத்தவர் இளையவர் என்னும் முறை ஆழமானது. முதலாண்டு மாணவன் மூன்றாமாண்டு மாணவனிடம், போதும், தலை வலிக்கிறது என்று சொல்வது எளிதன்று. இதன் விளைவை ஐக்கிடோவைவிட ஜூடோவில் தெளிவாகக் காணலாம். அதுவே பள்ளிகளில் பெரிதும் பரவிய கலை. 1983ஆம் ஆண்டுக்குப் பிந்திய முப்பதாண்டுக் காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவின்போது நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் இறந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. தலைக்காயமே அவற்றுள் பெருங்காரணம். 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் போர்க்கலைப் பாடம் கட்டாயமாக்கப்பட்டபோது பெற்றோர் அஞ்சியதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே, தேசிய மகளிர் ஜூடோ அணியின் வீராங்கனைகள் பதினைவர் தம் பயிற்றுநரின் அடிகளுக்கு எதிராகப் புகார் செய்திருந்தது வெளியாகி, அவர் பதவி விலகினார். ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் தகுதி வாய்ந்தவர்களே போதும் என்று சொல்லப் பதினைவராய்ச் சேர வேண்டியிருந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன் தனியனாய் எங்ஙனம் சொல்வான்?

தலையில் அடிபட்ட மறுநாள் தலைவலியோடு பயிற்சிக்கு வருபவனை வீரன் என்று பாராட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அது பாராட்டு அன்று, கொலைக்கு உடந்தை. முதற்காயம் ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி சிறிதாயினும் பேராபத்தாகலாம். அவனைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரே அவனுடைய வீரத்தை மதித்தவர்.

இனி எதிர்வாதம் ஒன்று உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. இத்துணை எச்சரிக்கையோடு பயிலும் கலை, கலையாய் இராது, கூத்தாய் முடியும் என்பர். உண்மைத் தாக்குதல் இல்லை. உண்மை எதிர்ப்பு இல்லை. தொடுமுன்பே ஏற்பவர் பறந்துபோய் விழுகிறார். செய்தவர் தம்மைப் பெருவீரர் என்று நம்பிக்கொண்டு வீடு செல்கிறார். ஐக்கிடோவைக் கண்டவர் எவரும் இக்குற்றச்சாட்டு முழுப்பொய் என்று சாதிக்க முடியாது. உயெஷிபாவிடமும் ஜூடோவை நிறுவிய ஜிகொரோ கானோவிடமும் பயின்ற கெஞ்ஜி தொமிக்கியே இக்கவலையால்தான் வசெதா பல்கலைக்கழகத்தில் ஐக்கிடோவுக்குப் போட்டி முறையை வகுத்தார். உயெஷிபா அதனை ஏற்கவில்லை. குருவின் மறுப்பிலும் சீடரின் கவலையிலும் நியாயம் இருந்தது.

கானோ இதே சிக்கலுக்கு முன்னரே ஒரு வழி கண்டிருந்தார். 1882இல் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்துத் தம் கொடொக்கானைத் தொடங்கிய அவர், பழைய ஜுஜுத்சுவின் அடிகளையும் ஆபத்தான பிடிகளையும் கட்டற்ற பயிற்சியினின்று நீக்கி, வகுத்த வரிசையில் மட்டும் பயிலும் முறைக்கு ஒதுக்கினார். விழும் முறையை முதற்பாடமாக்கினார். ஆபத்தானவை விலகியதால், எஞ்சியவற்றை மாணவர்கள் முழுவலிமையோடு, முழு எதிர்ப்புக்கு எதிரே நாள்தோறும் பயில முடிந்தது. நண்பனைக் கெடுத்துவிடுவோமோ என்று கை தயங்கும் இடத்தில் முழுமுயற்சி இராது. முழுமுயற்சி இல்லாத இடத்தில் மெய்யறிவும் இராது. கலையை மெய்யாக்கியது அவர் வகுத்த காப்பே. அதே ஜூடோவில் பின்னாளில் சிறுவர்கள் மாண்டனர் என்பதையும் மறைத்தலாகாது. நிறுவியவர் வைத்த முறையைப் பின்வந்தோர் அவசரத்தில் கைவிட்டால் என்னாகும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

ஆகவே பொய்யாய் விழுவதும் ஒருவகைத் தீங்குதான். இரவல் கேட்டவருக்கு ஓட்டைப் பாத்திரம் கொடுப்பது போன்றது அது. ஏற்பவர் நேர்மையாகத் தாக்க வேண்டும்; குறி தவறாது, ஆனால் எதிரிலிருப்பவரின் தேர்ச்சிக்கேற்ற வேகத்தில். சமநிலை குலையும் வரை நிற்க வேண்டும். குலைந்த பின் முரண்டு பிடிக்காமல் தம் உடலைத் தாமே காத்துக்கொண்டு விழ வேண்டும். புதியவரை மூத்தவர் வீழ்த்தும்போது அந்தப் புதியவர் எவ்வளவு விழத் தெரிந்தவரோ அவ்வளவே வீச்சின் வேகம். பலர் நெருங்கிப் பயிலும் கூடத்தில் பின்னால் யார் விழுகிறார் என்று பார்த்த பிறகே வீசுதல் வேண்டும் என்பதும், கைநகங்களை வெட்டிக்கொண்டு வருதல் வேண்டும் என்பதும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கனவே. அறம் சில வேளைகளில் நகம் வெட்டுமளவுக்குச் சிறியதாய் இருக்கிறது.

சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனை அடக்குபவரே சினம் காப்பவர் என்று வள்ளுவர் கருதினார். செல்லாத இடத்தில் அடங்குவது வேறு வழியின்மை. ஐக்கிடோவின் பயிற்சிப் பாய் செல்லிடம் ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்கித் தருகிறது. பிறர் கை முழுவதும் தம் வசமாகிய அந்த அரை நொடியில் ஒருவர் என்ன செய்கிறார் என்பது, ஆண்டுக்கணக்கில் அவர் பேசிய நல்லுரைகளைவிட அவரைப் பற்றி மிகுதியாகச் சொல்லும். அலுவலகத்தில் மேலாளரிடம் பட்ட அவமானம் மாலையில் இன்னொருவரின் முழங்கையில் இறங்குவதும் உண்டு. இறக்கியவர் அதனை அறிவதில்லை, ஏற்றவர் அறிவார்.

காயமுற்றவர் சில வாரங்கள் கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து பிறர் பயில்வதைப் பார்த்திருப்பார். ஜப்பானியர் அதற்கும் ஒரு பெயர் வைத்து, பார்த்துப் பெறும் பயிற்சி என்று அதனைப் பயிற்சியாகவே மதிக்கின்றனர். காயப்படுத்தியவருக்கு அத்தகைய இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிறார், பாயைத் துடைக்கிறார், பிறகு அடுத்தவர்முன் அமர்ந்து, வேண்டிக்கொள்கிறேன் என்று தலை வணங்குகிறார். அந்த அடுத்தவர், நடந்ததைக் கண்டவர்தாம், ஒருகணம் தயங்கிவிட்டு மணிக்கட்டை நீட்டுகிறார்.