வெயிலில் நிற்பது இபாதத்தா?

மொராக்கோவின் சஹாரா பாலைவனத்தில் 1986 முதல் ஓர் ஓட்டப் பந்தயம் நடந்து வருகிறது. சுமார் 250 கிலோமீட்டர். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையுள்ள ரயில் பாதையைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். உணவை முதுகில் சுமந்துகொண்டு பல நாட்கள் ஓடவேண்டும். 1994-இல் இத்தாலியரான மௌரோ பிராஸ்பெரி மணற்புயலில் வழி தவறி, பல நாட்களுக்குப் பின் அல்ஜீரியாவில் உயிருடன் மீட்கப்பட்டார்.

தாம்பரத்தில் சுபுஹு தொழுதுவிட்டு ஓடிப் பழகும் நம் வாலிபர் ஒருவர் இத்தகைய பந்தயத்துக்குப் புறப்பட்டால் பெற்றோர் என்ன சொல்வது? உடலை வருத்துவதும் ஒருவகை இபாதத்துதானே என்பார்கள் சிலர்.

புகாரி ஷரீபில் வரும் நிகழ்ச்சி ஒன்று இதற்கு வழி காட்டுகிறது. அபூ இஸ்ராயீல் என்பவர் உட்காராமல், நிழலில் ஒதுங்காமல், பேசாமல் நோன்பிருப்பதாக நேர்ந்துகொண்டு வெயிலில் நின்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைப் பேசவும், நிழலுக்கு வரவும், உட்காரவும் சொன்னார்கள். நோன்பை மட்டும் நிறைவேற்றச் சொன்னார்கள்.

கவனியுங்கள்! நோன்பும் கஷ்டந்தான். ஆயினும் அது நிலைத்தது; வெயில் விலக்கப்பட்டது. கஷ்டத்துக்கென்று தனி நன்மை இல்லை. அது எதற்காக என்பதில்தான் நன்மை.

ஆகவே ஓட்டமும் கட்டுப்பாடும் இருக்கட்டும். உடல் அல்லாஹ்வின் அமானிதம். பாதி வழியில் ‘போதும்’ என்று நிற்கத் தெரிந்த பிள்ளையைத் துஆச் செய்து அனுப்புங்கள். பேருக்காக உயிரைப் பணயம் வைப்பவனைத் தடுத்து நிறுத்துங்கள்.

அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.