சூதாடிய தருமனுக்கு ஓர் ஆலயம்

ஜவ்வாது மலையிலிருந்து கீழிறங்கிப் போளூர், செங்கம் வட்டாரத்துக் கிராமங்களைக் கோடைக் காலத்தில் கடந்து செல்வோர், திரௌபதி அம்மன் ஆலயங்களில் அக்னி வசந்த விழா நடைபெறுவதைக் காணலாம். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடிய விடியத் தெருக்கூத்துமாக நாட்கணக்கில் நிகழும் இவ்விழாவுக்குரிய ஆலயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஜனங்கள் தர்மராஜா கோயில் என்றே வழங்குகின்றனர். நாட்டையும், தம்பியரையும், தன்னையும், இறுதியில் தாரத்தையும் பகடையில் வைத்துத் தோற்றவனைத் தர்மத்தின் பெயராலேயே தொழுகிற அந்தச் சமூகம், தன் தெருவிலுள்ள சூதாடிக்குப் பெண் கொடுக்க மறுக்கிறது. அவன் கைமாற்று கேட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறது.

சூதைச் சாஸ்திரங்கள் மன்னித்ததில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதுக்கு 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலோ, மனைவி வெறுக்க, மாமியார் ஏச, கடனுக்கு அஞ்சி இரவில் பிறர் வீடு நாடும் ஒருவனின் புலம்பலே ஒரு சூக்தமாக நிற்கிறது. அவன் உருட்டிய காய் தான்றிக்காய். நளனை விட்டு நீங்கிய கலி புகுந்ததும் தான்றி மரத்திலேதான். அந்த மரம் ஜவ்வாது மலைக் காடுகளிலும் வளர்கிறது.

ஆயினும் கூத்தில் சூதும் துகிலுரிதலும் நடிக்கப்படும் இரவில் ஜனங்களின் தீர்ப்பு வேறாக இருக்கிறது. துச்சாதனன் வேடம் பூண்டவர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொண்ட பிறகே சேலையில் கை வைக்கிறார். தன்னையே முன்னர்த் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று பாஞ்சாலி கேட்கும்போது, தர்மம் நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் ஒதுங்குகிறார். விதுரனும் விகர்ணனும் நீங்கலாகச் சபை வாய்மூடி இருக்கிறது. அவ்விரவில் கூட்டத்தின் கோபம் சகுனியின் மீதும், ஆட்டத்தை நடத்தி வைத்து வேடிக்கை பார்த்த அச்சபையின் மீதுமே பாய்கிறது. தருமன் குற்றமற்றவன் என்று எவரும் சொல்வதில்லை. பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அனுபவித்துக் கழித்தவன் அவன். வனத்தில் பிருகதசுவ முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்லித் தேற்றினாரேயன்றி, சூதாடி என்று விலக்கவில்லை. வீழ்ந்தவனுக்கு மீட்சி உண்டு என்னும் இந்த நம்பிக்கையையே நான் நமது சமயத்தின் சாரமாகக் கருதுகிறேன்.

பகடை இன்று கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ஆடுவோனுக்கு மூன்று மாதம் வரையிலும், ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரையிலும் சிறை விதிக்கிறது. ஆடுவோனைவிட ஆட்டத்தை நடத்துவோரையே மிகுதியாகக் குற்றம் சாட்டும் இத்தீர்ப்பையே கூத்து மேடையின் முன் அமர்ந்த ஜனங்களும் நெடுங்காலமாக வழங்கிவருகின்றனர். தெருவில் மட்டும் நாம் அதைத் தலைகீழாக்கி, தோற்றவனைத் தூற்றி, சகுனியின் விளம்பரத்துக்கு நடுவீட்டில் இடம் தருகிறோம். கடன்பட்டுக் குன்றி நிற்பவன் உங்கள் உறவிலோ அண்டையிலோ இருந்தால், அவன் வீட்டுப் படியேறி ஒரு வார்த்தை பேசுங்கள்.