வாலிபரும் வாக்குரிமையும்

வாலிபரை வாக்களிக்கச் செய்தல் சட்டத்தாற் கூடுமோ? டொனமூர்த் திட்டத்தால் 1931ஆம் ஆண்டு 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. அத்திட்டம் சுயராச்சியந் தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் அவ்வாண்டுத் தேர்தலையே பகிஷ்கரித்தனர். நமது காங்கேசன்துறை உள்ளிட்ட 4 தொகுதிகள் 1934 வரை பிரதிநிதியின்றிக் கிடந்தன. அது பிழையென்பதே எம் கருத்து. ஆயினும் ஆராய்ந்து செய்த விலகல். சோம்பலால் வாக்களியாதிருத்தல் அதனோடு ஒப்பாகாது.

1959இல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று. எனினும் யூன் 1ஆந் திகதிக்குப்பின் அவ்வயதெய்தினோர் அடுத்த ஆண்டின் இடாப்புக்குக் காத்திருந்தனர். 2021ஆம் ஆண்டுச் சட்டம் அன்னார்க்குத் துணை இடாப்பு வகுத்தது. சட்டஞ் செய்யத்தக்க உதவி இத்தகையதே. தண்டத்தால் வாக்குப் பெறலாம், விவேகம் பெறலாமோ? ஆசிரியர்காள்! மேல்வகுப்பு மாணாக்கரைத் தம் பெயர் இடாப்பில் உளதோவெனப் பார்க்க ஏவுமின். எவர்க்கு வாக்களிப்பதென மாத்திரஞ் சொல்லாதொழிமின்.