உடன்படுதலும் ஹிம்சையே

சிராவகர் விலக்க வேண்டிய ஏழு வியசனங்களுள் புகையிலையின் பெயர் இல்லை. அது போர்ச்சுகீசியர் வழியே பிற்காலத்தில் நம் நாட்டிற்கு வந்த பொருள். எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது ஜைனர்தம் துணிபு. ஆகவே, "நாம் புகைப்பதில்லை" என்ற அளவில் நம் அணுவிரதம் நிறைவுறுமா என்பதே வினா.

2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோருள் சிகரெட் புகைத்தோர் 4 விழுக்காட்டினர். பீடி புகைத்தோர் 7.7 விழுக்காட்டினர். மலிவான நஞ்சு எளியோரையே மிகுதியும் பற்றுகிறது. வேலூர், திருநெல்வேலிப் பகுதிகளில் பீடி சுற்றும் மகளிரோ, புகையாமலே அதன் தூளைச் சுவாசிக்கின்றனர்.

தனியொருவர் விரதம் இவர்களைக் காவாது. பலர் கூடின் இயலும். குடிமக்கள் அமைப்பினரின் இடைவிடா முயற்சியால் சண்டிகர் 2007இல் புகையற்ற நகராக அறிவிக்கப்பட்டது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்திற்குள்ளும், 18 வயது நிரம்பாதோர்க்கும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனைக் காப்பது ஊராரின் ஒற்றுமையே.

பீடியை ஒழித்தால் அம்மகளிரின் பிழைப்பு என்னாகும் என்பர் சிலர். தக்க வினாவே. மாற்றுத் தொழிலுக்கு வழி காணாது பிழைப்பை மட்டும் பறித்தல் அஹிம்சை ஆகாது. ஆயினும், நஞ்சைப் பிறர்க்கு ஈதலை அனர்த்த தண்டம் என நம் ஆசாரியர்கள் விலக்கினர். அங்ஙனமாயின், நம்மவர் கடையில் பீடிக்கட்டு விற்றலும், வயல் வேலைக்கு வருவோர்க்குக் கூலியோடு புகையிலை தருதலும் அறமாகா. ஜிநாலயத்தில் கூடும் நாம், பிற சமயத்தாரோடும் ஆசிரியர்களோடும் இணைந்து இவ்விரு பணிகளையும் மேற்கொள்வோமாக.