உறங்கும் பகை

சினம் தணிந்தால் பகையும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா? அறநூலோர் ஆராயும் இவ்வினாவுக்கு மருத்துவ நூலும் ஒரு விடை தருகின்றது.

அக்கி என்னும் நோயை நம் ஊர்ப்புறங்களில் அறியாதார் இலர். உடலின் ஒரு பக்கத்தே மட்டும், கச்சை கட்டினாற்போல் கொப்புளங்கள் வரிசையாய்த் தோன்றி எரியும். குயவரிடம் சென்று செங்காவியால் ‘அக்கி எழுதி’க் கொள்வது தமிழகத்துப் பழவழக்கம். சின்னம்மை கண்டாலோ, வாயிலில் வேப்பிலை செருகி மாரியம்மனை வேண்டுவர். இவ்விரண்டும் ஒரே கிருமியின் இரு கோலங்கள் என்பதை மருத்துவ உலகம் மெல்லவே உணர்ந்தது. அக்கி கண்டவரோடு பழகிய குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 1888-இல் புடாபெஸ்ட் மருத்துவர் போக்காய் எடுத்துரைத்தார். சின்னம்மைக் கிருமியே உடலில் பல்லாண்டு உறங்கிப் பின் அக்கியாய் விழிக்கின்றது என்னும் கருத்தை, இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊர் மருத்துவர் ஹோப்-சிம்ப்சன் 1965-இல் விரித்துரைத்தார்.

இளமையில் அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் வார்த்து, நோய் போயிற்று என்று மகிழ்கின்றோம். கிருமியோ போகவில்லை. முதுகெலும்பை அடுத்துள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கி, ஐம்பது ஆண்டுகளும் ஓசையின்றிக் கிடக்கும். முதுமையாலோ பிற பிணியாலோ உடலின் காவல் தளரும்போது, நரம்பின் வழியே இறங்கி மீண்டும் தோலுக்கு வரும். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் விழித்த கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும். உறங்கும் கிருமியை அவை தீண்டா.

பகையின் இயல்பும் இதுவே அன்றோ? அணுசக்தி நகரில் குடியேறிய நம்மிடையே, ஊரிலுள்ள பங்காளிகளோடு கொண்ட மனத்தாங்கலைச் சுமந்து வந்தோர் உண்டு. பாகம் பிரித்த நாளின் ஒரு சுடுசொல், வரப்புத் தகராறு, திருமணத்தில் கிடைக்காத மரியாதை. ஆண்டுகள் பல கழிந்தும், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் வேளையில் அது மீண்டும் கொப்புளிக்கின்றது.

இங்கே நாம் கருதவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அக்கி கண்டவரிடமிருந்து பிறருக்கு அக்கி தொற்றுவதில்லை. அவர்தம் கொப்புளத்து நீர், அம்மை காணாத குழந்தைக்குச் சின்னம்மையையே தரும். பின்னர் அக்குழந்தையின் நரம்பிலும் கிருமி குடிபுகும். அவ்வாறே, பெரியப்பாவைப் பற்றி நாம் உணவு வேளையில் உதிர்க்கும் பழஞ்சொல், அவரை இருமுறைகூடக் காணாத நம் பிள்ளைக்குப் புதுப்பகை ஆகின்றது. மும்பையில் பிறந்த மகன், தான் காணாத வரப்புக்காகத் தமையன் முறையானை வெறுக்கின்றான்.

அநீதியை மறந்துவிடுவதா என்று கேட்கலாம். வேண்டுவதில்லை. உரிமையை உரியவரிடமே நேர்நின்று கேட்போம், வேண்டின் வழக்காடுவோம். அது நினைவின் பணி. ஆனால் வழக்கோடு தொடர்பில்லாத இளநெஞ்சில் அதனை ஊன்றுவது அறமாகாது. அக்கி கண்டவர் கொப்புளத்தை மூடிவைத்து, கருவுற்றோரையும் கைக்குழந்தைகளையும் விலகியிருக்க வேண்டுமென மருத்துவர் பணிப்பர். தம் நோவைத் தாம் பொறுத்தாலும் பிறர்க்கு அதை ஈயாதிருத்தல் அவர் கடமை.

நம்முள் பகை புகுந்தது நம் குற்றமாக இல்லாதிருக்கலாம். அது முற்றும் அழியாததும் நம் குற்றமன்று. அடுத்த தலைமுறைக்கு அது செல்லாமல் காப்பதோ முழுவதும் நம் பொறுப்பு. மன்னித்தேன் என்று ஒருநாள் கூறிவிடுவதால் இக்காவல் நிறைவுறாது. நாள்தோறும் விழித்திருத்தல் வேண்டும். ஊரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் இவ்விழிப்பைக் கைக்கொள்வோமாக.