அணித் தெரிவும் அறமும்

உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி நெருங்குந்தோறும், அதிற் பங்குபற்றும் நாடுகள் யாவற்றிலும் ஒரே வாதம் மூண்டெழுகின்றது. யாரை அணியிற் சேர்ப்பது, யாரை விடுவது என்பதே அவ்வாதம். இதனை வேலையற்றோர் பேச்சென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒருவனுக்கு ஓர் இடத்தைக் கொடுத்து, அதே இடத்தை மற்றொருவனுக்கு மறுக்கின்ற எச்செயலும் நீதி பற்றிய வினாவை உடன்கொண்டே வருகின்றது. 1970ஆம் ஆண்டில் ஓர் அணிக்கு 22 பேர் தெரிவாயினர். 2002இல் அத்தொகை 23 ஆயிற்று. 2022இல் 26 ஆக உயர்ந்தது. இடங்கள் பெருகின, வாதம் ஓயவில்லை. ஏனெனில், 26 பேருக்கு இடமளித்தாலும் 27ஆவது மனிதன் ஒருவன் வாயிலில் நிற்கவே செய்வான்.

அண்மையில் எமது உயர்தர வகுப்பில் இப்பொருள் பற்றிப் பேச நேர்ந்தது. பிறேசில் நாட்டின் 1970ஆம் ஆண்டு அணியைப் பற்றி நாம் கூறி முடித்தபோது, ஒரு மாணவன் எழுந்து கேட்ட கேள்விகளுக்கு எம்மால் உடனே விடையிறுக்க இயலவில்லை. அவற்றைக் கூறுமுன் அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுதல் வேண்டும்.

பிறேசிலில் 1964ஆம் ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாட்சி கொடுமையின் உச்சத்தை எய்திக்கொண்டிருந்த 1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜோவோ சல்டானா என்பவர் தேசிய அணியின் பயிற்றுநராக நியமனம் பெற்றார். அவர் பத்திரிகையாளர், வானொலி விமர்சகர், கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர். பதவியேற்றவுடனேயே தம் அணியினர் யார் யாரென வெளிப்படையாக அறிவித்தார். அவ்வணி தகுதிகாண் ஆட்டங்கள் ஆறிலும் வெற்றி கண்டது. 23 கோல்களை அடித்து 2 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜெனரல் மெடிசி சனாதிபதியானார். அவர் உதைபந்தாட்டத்தில் மிக்க ஈடுபாடு கொண்டவர். டாரியோ என்னும் முன்னணி ஆட்டக்காரரைத் தேசிய அணியிற் காண விரும்பினார். அமைச்சர்களைத் தெரிவு செய்யும்போது ஜெனரல் என்னைக் கேட்கவில்லை, ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது நானும் அவரைக் கேட்கப் போவதில்லை என்ற பொருள்பட சல்டானா பதிலிறுத்தார் என்பர். 1970ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் நீக்கப்பட்டார். மாரியோ சகாலோ அவரிடத்தை ஏற்றார். டாரியோ 22 பேருள் ஒருவரானார். யூன் 21ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் இத்தாலியை 4–1 என்று வென்று பிறேசில் கிண்ணத்தைக் கைக்கொண்டது. டாரியோ ஓர் ஆட்டத்திலேனும் களமிறங்கவில்லை.

சல்டானாவை அப்பழுக்கற்ற வீரராகச் சித்திரித்தல் எமது நோக்கமன்று. அவர் முன்கோபி. ஆர்சென்டீனாவுடனான நட்புமுறை ஆட்டமொன்றில் அவரது அணி தோல்வியுற்றிருந்தது. பெலேயின் கண்பார்வை பற்றி ஐயம் கிளப்பி, அவரையே ஒதுக்கிவைக்க முற்பட்டதாகவும் கூறுவர். தம்மைக் குறைகூறிய பயிற்றுநர் ஒருவரைக் கைத்துப்பாக்கியுடன் தேடிச் சென்ற கதையும் உண்டு. ஆகவே ஜெனரலின் விருப்பம் ஒன்றே அவரை வீழ்த்தியதெனத் துணிந்து கூறுதல் இயலாது. ஆயினும், அரசுத் தலைமை ஓர் ஆட்டக்காரனின் பெயரைச் சொன்னதும், அதற்கு இணங்க மறுத்தவர் பதவியிழந்ததும், பெயர் சொல்லப்பட்டவர் இடம் பெற்றதும் உண்மைகளாக நிற்கின்றன.

எமது மாணவன் கேட்டவை இரண்டு கேள்விகள். “சேர், தெருவில் நிற்பவன் டாரியோவைச் சேர்க்க வேண்டுமென்றால் அது கருத்து, சனாதிபதி சொன்னால் மட்டும் குற்றமா? அவரும் ஓர் இரசிகர்தானே?” என்பது முதலாவது. “எப்படியோ, அந்த அணிதானே கிண்ணத்தை வென்றது?” என்பது இரண்டாவது.

இரண்டாம் கேள்வியை முதலில் நோக்குவோம். வென்றமையால் தெரிவு நீதியாகிவிடுமெனில், தோற்ற அணிகளின் தெரிவுகள் யாவும் அநீதியாதல் வேண்டும். 1982ஆம் ஆண்டு டெலே சன்டானா தெரிவு செய்த பிறேசில் அணி இத்தாலியிடம் 3–2 என்று தோற்றது. அவ்வணியின் ஆட்டத்தை உலகம் இன்றும் போற்றுகின்றது. அத்தெரிவைத் தவறென்பார் யார்? 2002ஆம் ஆண்டு ஸ்கொலாரி என்னும் பயிற்றுநர், 1994ஆம் ஆண்டுக் கிண்ணத்தை நாட்டுக்கு ஈட்டித் தந்தவருள் முதல்வரான றொமாரியோவை விட்டுச் சென்றார். மக்கள் கொதித்தெழுந்தனர், றொமாரியோ பலரறியக் கண்ணீர் வடித்தார். அதே பயிற்றுநர், நெடுங்காலம் முழங்கால் காயத்தால் வருந்தி எழுந்த றொனால்டோவை நம்பி அழைத்துச் சென்றார். இறுதியாட்டத்தில் யேர்மனிக்கு எதிராக இரு கோல்களையும் றொனால்டோவே அடித்தார். உடனே ஸ்கொலாரியின் தெரிவு ஞானமெனப் புகழப்பட்டது. றொனால்டோவின் முழங்கால் முதல் ஆட்டத்திலேயே மீண்டும் முறிந்திருப்பின், அதே தெரிவு மடமையெனத் தூற்றப்பட்டிருக்கும். பந்து கம்பத்திற் பட்டு உட்புறம் விழுதலும் வெளிப்புறம் விழுதலும் ஒரு மனிதனின் நேர்மையை அளக்கும் கோல்களாகா. தெரிவு செய்தவர் அன்று அறிந்தவை எவை, எந்நோக்கத்தோடு முடிவு செய்தார் என்பனவற்றைக் கொண்டே அவரை மதிப்பிடல் வேண்டும்.

இவ்விடத்தில், அணியில் இடம் என்பது யாது என்ற வினா எழும். அது பரிசென்றால், நேற்று உழைத்தவனுக்கே உரியது. றொமாரியோவுக்கு அது மறுக்கப்பட்டமை பெருந்தவறாகும். அது பணியென்றால், நாளை அப்பணியைச் செய்யவல்லவனுக்கே உரியது. எமது கருத்து பின்னையது. அணி ஒருவனின் பழைய புகழைப் பாராட்டும் மேடையன்று. பலர் கூடி ஒரு வேலையை முடிக்கும் களம். தனித்தனியே சிறந்த பதினொருவரைக் கூட்டினால் மட்டும் அணி உருவாகிவிடாது என்பதை உழைப்பாளர் கூட்டமொன்றில் வேலை செய்த எவரும் அறிவர். எனினும், பணிக்கு வேண்டாதவன் என்று விலக்கப்படுபவன் கருவியல்லன், மனிதன். அவனுக்கு இடம் கொடுக்க இயலாதபோதும் காரணம் கொடுத்தல் இயலும். அதுவே அவனுக்கு நாம் படும் கடன்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். தெருவில் நிற்பவனின் கருத்துக்கும் ஜெனரலின் கருத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கே உளது? 1982ஆம் ஆண்டில், இராணுவ ஆட்சி இன்னும் நீங்காத பிறேசிலில், ஜோ சோரெஸ் என்ற நகைச்சுவை நடிகர் தொலைக்காட்சியிற் சாமானிய இரசிகனாகத் தோன்றினார். பயிற்றுநர் சன்டானாவைத் தொலைபேசியில் அழைத்து, ஓரத்தில் ஓடியாடும் முன்னணி ஆட்டக்காரனைச் சேர்க்கும்படி மன்றாடினார். நாடே அவ்வேண்டுகோளைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. சன்டானா தம் வழியிலேயே சென்றார். அதற்காக அந்த இரசிகனால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. தெருவின் கருத்து வாதத்தால் வெல்ல வேண்டும். வெல்லாவிடிற் காற்றோடு போகும். ஜெனரலின் கருத்துக்கு வாதம் வேண்டுவதில்லை. மறுக்க அஞ்சவேண்டிய கருத்து, எத்துணை மென்மையாகச் சொல்லப்பட்டாலும், ஆணையே ஆகும். ஒருவர் இரசிகராயிருப்பது குற்றமன்று. சிறைச்சாலைகளின் திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்டு இரசிகராயிருப்பதே குற்றம்.

இதற்கு முன்பும் அந்நாடு இதனைக் கண்டதுண்டு. 1921ஆம் ஆண்டு புவெனஸ் அயர்சில் நடைபெற்ற தென்னமெரிக்கப் போட்டிக்குக் கறுப்பின ஆட்டக்காரரை அனுப்பலாகாதெனச் சனாதிபதி எபிடாசியோ பெசோவா விரும்பியதாகச் செய்தி பரவியது. அடிமைகளின் வழித்தோன்றலான எழுத்தாளர் லீமா பறெற்றோ அதனை வன்மையாகக் கண்டித்தெழுதினார். அணித் தெரிவு பற்றிய வாதம் வீண்பேச்சன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? யார் நாட்டின் முகமாக நிற்கலாம் என்ற கேள்வியே அங்கு ஆட்டத்தின் போர்வையில் நின்றது.

டாரியோவைப் பற்றியும் ஒரு சொல் கூறாவிடின் நாமும் அநீதி இழைத்தவராவோம். அவர் வறுமையிலும் ஆதரவின்மையிலும் வளர்ந்தவர். திறமையற்றவருமல்லர், மறு ஆண்டே, 1971இல், அவரது அத்லெத்திக்கோ மினெய்ரோ கழகம் பிறேசில் தேசிய சம்பியனானபோது அதிக கோல்களை அடித்தவர் அவரே. ஆயினும் 1970ஆம் ஆண்டு அணியிற் பெற்ற இடத்தை அவர் தம் கால்களாற் பெற்றாரா, ஜெனரலின் நாவாற் பெற்றாரா என்ற ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. அதிகாரத்தின் தயவு, விலக்கப்பட்டவனிடமிருந்து இடத்தை மட்டுமே பறிக்கின்றது; தெரிவு செய்யப்பட்டவனிடமிருந்தோ, தன் உழைப்பால் வந்தேன் என்று சொல்லும் உரிமையையே பறித்துவிடுகின்றது. செல்வாக்கினால் வேலையும் பதவியும் பெறுவோர் மலிந்த எச்சமுதாயத்துக்கும் இது பொருந்தும். அங்கே தகுதியுடையவன் பெற்ற பதவியும் சந்தேகத்தின் நிழலிலேயே கிடக்கும்.

ஆதலின், முடிவு செய்யும் பொறுப்பு ஆட்டமறிந்த தெரிவாளரிடமே இருத்தல் வேண்டும்; அம்முடிவை வினவும் உரிமை மக்கள் அனைவரிடமும் இருத்தல் வேண்டும்; வினவுவோர் எவரிடமும், விடை பிடிக்காவிடிற் தண்டிக்கும் வல்லமை இருத்தலாகாது. இம்மூன்றும் கூடிய இடத்திலேயே தெரிவு அறத்தொடு பொருந்தும்.

இவற்றையெல்லாம் வகுப்பில் எடுத்துரைத்தபோது அம்மாணவன் ஏற்றுக்கொண்டான். பின்னர் மெல்ல, “அப்படியானால் எங்கள் பாடசாலை அணிப் பட்டியலை ஏன் சேர் காரணம் சொல்லாமல் பலகையில் ஒட்டுகிறோம்?” என்று கேட்டான். சென்ற தவணை முழுவதும் ஒரு நாளும் தவறாது பயிற்சிக்கு வந்து, பட்டியலிற் தன் பெயரைத் தேடிக் காணாது திரும்பியவன் அவனே. பட்டியலை எழுதியவர் நாமே. ஒட்டிவிட்டு, அவன் முகத்தைக் காணும் துணிவின்றி ஆசிரியர் ஓய்வறைக்குட் புகுந்தவரும் நாமே.

அன்று மாலை அவனை அழைத்து எமது காரணத்தைக் கூறினோம். அவன் அதனை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. எமக்கெதிராக இரு நியாயங்களை எடுத்துக்காட்டினான். அவற்றுள் ஒன்றுக்கு எம்மிடம் இன்றுவரை விடையில்லை. அடுத்த தெரிவின்போது அதனையும் எண்ணிப் பார்க்கவேண்டியவராக இருக்கின்றோம்.