நிரூபிக்கும் கடமை யாருக்கு?

உருத்திரபுரம் நெல் விளையும் ஊர். கிளிநொச்சிக்கு அருகே இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் மண். 1990களில் இவ்வூர் அடங்கிய வன்னிப் பகுதிக்கு எரிபொருள், சீமெந்து, பற்றரி ஆகியவற்றோடு யூரியாப் பசளையும் செல்லாதவாறு அரசு தடை விதித்திருந்தது. யூரியாவைக் கொண்டு வெடிமருந்து செய்யலாம் என்பது காரணம். காரணம் பொய்யன்று. ஆனால் அதே யூரியா இன்றேல் விளைச்சல் குன்றும் என்பதும் பொய்யன்று. சிலர் வெடி செய்யக்கூடும் என்பதற்காக உழவர் அனைவரும் சந்தேகத்துக்குரியோராயினர். ‘இவன் தீங்கு செய்வான்’ என்று அரசு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை; ‘செய்யமாட்டேன்’ என்று உழவனே நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஊரைவிட்டு வெளியே செல்ல விரும்பியவனுக்கும் இதே கதிதான். வன்னியிலிருந்து புறப்படப் புலிகளின் அனுமதி வேண்டும். வவுனியாவைக் கடக்க இராணுவத்தின் பாஸ் வேண்டும். ஒன்றையொன்று பகைத்த இரு அதிகாரங்களும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டன: நடமாடுவது உரிமையன்று, கேட்டுப் பெறும் சலுகை.

பாதுகாப்பே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த குண்டு, அலுவலகத்துக்கு வந்தவர்களையும் வழியிற் சென்றவர்களையுமே பலிகொண்டது. உயிர் வாழ்வதும் உரிமையே. நாம் கேட்பது ஒன்றுதான்: நிரூபிக்கும் சுமை யார் தோளில்?

1979 இல் மூன்று ஆண்டுகளுக்கென இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாயிற்று. குற்றச்சாட்டின்றி ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க அது அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது; 2022 இல் இக்காலம் 12 மாதங்களாகக் குறைந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த வாக்குமூலத்தை அச்சட்டம் சாட்சியமாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனக் காட்டும் பொறுப்பையோ, கைதியின் தலையிலேயே ஏற்றியது. பசளை கேட்டு நின்ற உழவனும் சிறையில் கிடந்த கைதியும் சுமந்தது ஒரே சுமையன்றோ?

2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜசீம் என்னும் இளம் தமிழாசிரியர் இச்சட்டத்தின் கீழ்க் கைதானார். அவர் எழுதிய கவிதை நூலே அவருக்கு எதிராகக் காட்டப்பட்டது. 2021 டிசெம்பரில் பிணை. 2023 டிசெம்பரில் விடுதலை. குற்றமற்றவர் என்றாவதற்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன.

இத்தனை அதிகாரமும் மக்களைக் காத்ததா? 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தும் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னாள் சனாதிபதி உள்ளிட்டோர் கடமை தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. அன்று இல்லாதிருந்தது சட்டமன்று, பொறுப்புணர்ச்சி.

ஆகவே, உரிமையைப் பறிப்பவரே காரணம் காட்டட்டும். நீதிமன்றத்தின் முன்னே காட்டட்டும். குறித்த காலத்துக்குள் காட்டட்டும். காட்ட இயலாதெனில், பறித்ததைத் திருப்பித் தரட்டும். மாணவர்க்குக் குடியியல் கற்பிப்போர் தொடங்க வேண்டிய முதற்பாடம் இதுவே.